மாதத்துக்கு ஒரு திங்கட்கிழமை: சுங்கை சிப்புட்டில் ஒரு ஜாஸ் வகுப்பு

கோலாலம்பூரில் ஹோட்டல், கிளப், கல்யாண விருந்து என்று வாசித்துப் பிழைக்கும் மூன்று ஜாஸ் கலைஞர்கள், மாதம் ஒரு முறை பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத் தந்தார்கள். ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை; மெட்டின் மேல் அந்தந்த நேரத்தில் கற்பனை செய்து வாசிப்பதுதான் அதன் உயிர். ஒரு பள்ளி ஆண்டு முழுக்கவும், அதற்கு அப்புறம் சில மாதங்களும் இது நடந்தது. மண்டபத்துச் சாவி என்னிடம் இருந்தது. நாற்காலி போடுவது, பிள்ளைகளின் வீட்டில் போய்ப் பேசுவது, ரயில் டிக்கெட் கணக்கு எழுதுவது எல்லாம் என் பங்கு. இசையில் எனக்குக் கேள்வி ஞானம்தான். ஆகவே இதை இசை விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேர்ந்த கலைஞர் ஒருவர் வந்து போவதால் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது, அவர் எத்தனை முறை வந்தாலும் என்ன கிடைக்காது என்று கூடவே இருந்து பார்த்தவன் எழுதும் குறிப்பு இது. பிள்ளைகள் இன்னும் படிக்கிற வயது என்பதால் யார் பெயரும் இதில் இல்லை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சரித்திரப் புத்தகத்தில் ஊர் பெயர் வருவது அதனால். நம்மவர்களுக்கு இது மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர். கித்தா (ரப்பர்) மரங்கள் போய்ச் செம்பனை வந்து ரொம்பக் காலம் ஆகிறது. லயத்து வீடுகளை விட்டுவிட்டுக் குடும்பங்கள் டவுனைச் சுற்றியுள்ள தாமான்களுக்கு, அதாவது புதுக் குடியிருப்புகளுக்கு, வந்துவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகள் என்று இங்கே நான் சொல்வது, தாத்தா பாட்டி பால் வெட்டிய, அப்பா லோரி ஓட்டுகிற அல்லது தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிற வீட்டுப் பிள்ளைகளை.

இசை இல்லாத ஊர் இல்லை இது. திருவிழாவுக்கும் சாவுக்கும் உருமி மேளம், தேவாலயத்தில் பாடகர் குழு, கல்யாணத்துக்கு ஆர்கெஸ்ட்ரா, இடைநிலைப்பள்ளியில் ஊதுகுழல் பேண்டு எல்லாம் உண்டு. ஜாஸ்தான் இல்லை. நாட்டில் அது பழைய சரக்கு. பினாங்கின் ஜிம்மி பாயில், வானொலி இசைக்குழுவை நடத்திய அல்ஃபோன்சோ சோலியானோ காலத்திலிருந்தே இருக்கிறது. நம் ஆட்களிலும் ஏசியாபீட் குழுவைத் தொடங்கிய ட்ரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசம், பியானோ வாசிக்கும் மைக்கேல் வீரப்பன் போன்றவர்கள் பெயர் எடுத்தவர்கள். தலைநகரில் ஜாஸ் வாசிக்கும் நோ பிளாக் டை கிளப் இருக்கிறது. பினாங்கில் 2004இல் தீவு ஜாஸ் விழா தொடங்கியது. ஆனால் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே ரயில் நின்று போகும் ஊர்களில் இது யார் காதிலும் விழவில்லை.

மூவரில் மூத்தவர் டெனர் சாக்ஸபோன் கலைஞர், தமிழர். அவருடைய அம்மா இந்த ஊர்க்காரர். தாய்மாமன் காரியத்துக்கு வந்த இடத்தில் உருமி அடித்துக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்து, “இவன் கையில் விஷயம் இருக்கிறது” என்று சொன்னதுதான் தொடக்கம். கூட வந்த இருவரில் பாஸ் (கீழ்ச்சுரங்களைத் தாங்கும் தந்திக் கருவி) வாசிப்பவர் சீனர், ட்ரம்ஸ் மலாய்க்காரர். பிள்ளைகளுக்கு இவர்கள் முறையே அங்கிள், பாஸ் அங்கிள், அபாங் (மலாயில் அண்ணன்). வகுப்பு பாதி மலாயிலும் பாதி தமிழிலும் நடந்தது. மொழியால் எந்தச் சிக்கலும் வரவில்லை.

சிக்கல் வந்தது கிழமையால்.

ஞாயிறு ஏன் தோற்றது

பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத நாள் என்று ஞாயிறு காலையை வைத்தோம். வாசித்துப் பிழைப்பவருக்கு வாரத்தில் மிக மோசமான காலை அதுதான். சனி இரவு ஒரு மணிவரை மேடை, சாமான்களை ஏற்றி வீடு போய்ச் சேர மூன்று, அப்புறம் ஈப்போ ரயில். ரயில் பயணமே இரண்டரை மணி நேரம். தூக்கமில்லாத கண்ணோடு வந்து நின்றார்கள். ஒரு தடவை மூவரில் ஒருவர் வரவில்லை. இன்னொரு தடவை வந்தவர் பாதி வகுப்பில் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்.

அதோடு பாடம் சொல்லித் தந்த முறையும் சரியாக அமையவில்லை. முதல் சில வகுப்புகளுக்கு அச்சடித்த தாள்கள் வந்தன. ஸ்கேல் (சுர வரிசை), கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), எந்தக் கார்டுக்கு எந்த ஸ்கேல் என்ற அட்டவணை. கோலாலம்பூரில் கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவர்களுக்கு அவர் கொடுக்கிற அதே தாள்தான். இங்கே வந்த பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே ரகம் இல்லை. பள்ளி பேண்டில் ட்ரம்பெட்டும் ஆல்டோ சாக்ஸும் ஊதுபவர்களுக்கு நொட்டேஷன் (சுரக் குறிப்பு) படிக்கத் தெரியும், படித்ததற்கு மேல் ஒரு சுரம் ஊத வராது. உருமிப் பையன்கள் தாளைத் தலைகீழாகப் பிடித்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். கிட்டார் பையன்கள் கைப்பேசியைப் பார்த்து சினிமாப் பாட்டுக்குக் கார்டு பிடிப்பவர்கள். ஆக, தாள் கொடுத்தால் மூன்று பேர் வாசித்தார்கள், மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வகுப்புக்குள் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

திங்கட்கிழமைக்கு மாற்றலாம் என்று சொன்னவர் பாஸ் அங்கிள். ஹோட்டல் லவுஞ்சுகளில் வாசிப்பவர்களுக்குத் திங்கள்தான் பெரும்பாலும் ஓய்வு நாள். புதன் என்றால் பள்ளியில் புறப்பாட நடவடிக்கை; செவ்வாயும் வெள்ளியும் அம்மன் கோயிலில் கூட்டம், பக்கத்து மண்டபத்தில் சிம்பல் (ட்ரம்ஸின் உலோகத் தட்டு) அடிக்க முடியாது. திங்கட்கிழமை பள்ளி விட்டு, சாப்பிட்டு, மூன்றரை மணிக்கு வகுப்பு என்று முடிவானது. டியூஷன் இருந்த நான்கு பேரின் வீட்டுக்கு நான் போய்ப் பேசி வேறு நாளுக்கு மாற்றிக் கேட்டேன். இதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். என் கணிப்பில் இந்த முயற்சி பிழைத்ததே இந்தச் சின்ன விஷயத்தால்தான்.

மேடைக்காரரின் கடிகாரம் வேறு, பள்ளிப் பிள்ளையின் கடிகாரம் வேறு. இந்தத் தொல்லை ஜாஸ் அளவுக்கே பழையது. அமெரிக்காவில் கவுண்ட் பேஸியின் ஜாஸ் குழுவோடு சியாட்டல் வந்திருந்த ட்ரம்பெட் கலைஞர் கிளார்க் டெர்ரியிடம் பாடம் கேட்டு, அப்போது பதின்வயதில் இருந்த, பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான குவின்சி ஜோன்ஸ் காலையில் பள்ளிக்குப் போகும் முன்னால் அவர் தங்கிய இடத்துக்குப் போவாராம். இரவெல்லாம் வாசித்துவிட்டு வந்த டெர்ரி, தூக்கத்தை விட்டு எழுந்து சொல்லிக்கொடுத்தார். கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. அது ஒரு பையன், ஓர் ஆசிரியர். பத்துப் பேர் கொண்ட வகுப்பை அந்தத் தியாகத்தை நம்பி நடத்த முடியாது.

தாளை எடுத்து வைத்த பிறகு

முதல் திங்களன்று அங்கிள் தாள் எதுவும் கொண்டுவரவில்லை. பி ஃப்ளாட் சுருதியில் ஒரு ப்ளூஸ், ஜாஸுக்கு அடிப்படையான பாட்டு வடிவம். பன்னிரண்டு பார் (ஒரு பாருக்கு நான்கு தட்டு), மூன்றே கார்டு. முதல் நான்கு பார் வீட்டுக் கார்டு, அடுத்த இரண்டு அதிலிருந்து எண்ணி நான்காவது கார்டு, திரும்ப இரண்டு பார் வீடு, ஒன்பதாவது பாரில் ஐந்தாவது, பத்தில் நான்காவது, கடைசி இரண்டில் வீடு. கிட்டார் பையன்கள் முகம் சுளித்தார்கள். ஈ, ஏ என்று பழகிய கைக்குப் பி ஃப்ளாட் இடைஞ்சல். ஆனால் ஊதுகருவிகள் செய்யப்பட்ட விதத்தால் அதே சுருதி ட்ரம்பெட்டுக்கும் டெனருக்கும் சி ஆகிவிடும், ஆல்டோவுக்கு ஜி. ஊதுபவர்களுக்கு இதைவிட எளிது கிடையாது. ஜாஸில் பாதிப் பாட்டு ஃப்ளாட் சுருதிகளில் இருப்பதற்கு ஊதுகருவிகளே காரணம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் ஒரு வரி வாசிப்பார், எல்லாரும் திருப்பி வாசிக்க வேண்டும். தப்பினால் ஒன்றும் சொல்ல மாட்டார், மறுபடி வாசிப்பார். நியூயார்க்கில் பாரி ஹாரிஸ் என்ற பியானோ கலைஞர் 2021இல் தம் 91ஆம் வயதில் இறக்கும் காலம்வரை வாராவாரம் நடத்திய வகுப்புகள் இப்படித்தான் இருந்தன. பாடிக் காட்டுவார், அறையே திருப்பி வாசிக்கும். நம் ஊரில் பாட்டு வாத்தியார் சொல்லிக்கொடுப்பதும் வேறு எப்படி? பள்ளி பேண்டுப் பிள்ளைகளுக்குத்தான் இது கஷ்டமாக இருந்தது.

அவர்களில் ட்ரம்பெட் ஊதும் பெண், நான்காம் படிவம். தாளில் இருப்பதைப் பிசகில்லாமல் ஊதுவாள். “இப்ப நீயா ஏதாவது ஊது” என்றதும் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கிள் அவளுக்கு ஒரே ஒரு சுரத்தைக் கொடுத்தார். பன்னிரண்டு பாருக்கும் அந்த ஒரு சுரம்தான். நீட்டலாம், வெட்டலாம், இடம் விடலாம், மெல்ல ஊதலாம், கத்தலாம். வேறு சுரத்துக்குப் போகக் கூடாது. பின்னால் பாஸ் அங்கிளும் அபாங்கும் வாசித்தார்கள். ஐந்தாறு சுற்று ஆனதும் அவள் தாளத்தோடு விளையாட ஆரம்பித்தாள். அடுத்த மாதம் மூன்று சுரம். எதை ஊதுவது என்ற பயத்தை எடுத்துவிட்டால் எப்போது ஊதுவது என்பதை மட்டும் யோசித்தால் போதும். நான் பார்த்த பாடங்களில் இதுதான் மிகக் கெட்டிக்காரத்தனமானது.

அப்புறம் அந்த உருமிப் பையன். ஸ்விங் என்ற ஜாஸின் துள்ளல் நடையை அபாங் அவனுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒரு தட்டை மூன்றாகப் பிரித்து முதலாவதையும் மூன்றாவதையும் அடிப்பது, அதாவது தகிட என்று சொல்லி நடுவில் உள்ள கியை விழுங்கிவிடுவது. ஓரளவுக்கு இதுதான் அடிப்படை. வேகம் கூடக் கூட இந்த மூன்று ஏறக்குறைய இரண்டாகச் சமமாகிவிடும், அதனால் எழுதி வைத்துக் கற்க முடியாது. மும்மூன்றாக நடக்கும் அடி அவன் கையில் ஏற்கெனவே இருந்தது. இரண்டாவது தட்டிலும் நான்காவது தட்டிலும் ஹை-ஹாட்டை (காலால் மூடும் ஜோடிச் சிம்பலை) மிதிப்பதுதான் வரவில்லை. நாம் கை தட்டினால் முதல் தட்டில் விழும். ஜாஸில் ஒன்றும் மூன்றும் காலியாக இருக்க, கை இரண்டிலும் நான்கிலும் விழ வேண்டும்.

இதைவிடப் பெரிய பிரச்சினை, அவன் நிரப்பிக்கொண்டே இருந்தான். உருமி மேளத்தில் அடிப்பவன்தான் நாயகன். இங்கே ட்ரம்ஸ்காரன் மற்றவனுக்கு இடம் விட வேண்டும். அபாங் ஒரு திங்களன்று ட்ரம்ஸ் செட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தார். கடைசியில் ஒரு சிம்பலும் ஹை-ஹாட்டும் மட்டும்.

“அபாங், இதுல என்ன இருக்கு? டிங் டிங்னு அடிச்சிக்கிட்டே இருக்கணுமா?” என்று அவன் தமிழில் கேட்டான். அங்கிள்தான் பதில் சொன்னார்: “ஆமா. பாஸ் அங்கிள் முகத்தப் பாரு. அவர் சிரிச்சா நீ சரியா அடிக்கிறேன்னு அர்த்தம்.”

பாஸ் அங்கிள் அன்று சிரிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சிரித்தார்.

ஈப்போவிலிருந்து வந்து பார்த்த ஒருவர், உருமியையும் சாக்ஸபோனையும் சேர்த்து ஒரு நிகழ்ச்சி போடலாம், பத்திரிகையில் வரும் என்றார். அங்கிள் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டார். “முதல்ல ஒண்ண ஒழுங்கா வாசிக்கட்டும்.” எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. சக்தி குழுவில் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லினோடு கடம் விக்கு விநாயகராம் வாசித்தது 1970களில். அப்போதே இருவரும் தத்தம் வித்தையில் முழுசாக ஊறியிருந்தார்கள். பள்ளி வயதுப் பையனைக் கலவை என்ற பெயரில் மேடையேற்றினால் அவனுக்கு மிஞ்சுவது ஒரு புகைப்படம்.

மூன்று பேருக்கு நடுவில் ஒருவர்

முதலில் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்து ஒரு குழுவாக வாசிக்க வைத்தார்கள். ஒருவர் ஓடினால் எல்லாரும் ஓடினார்கள், யார் தவறினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு அங்கிள் ஒரு விதி வைத்தார். வகுப்பின் கடைசி ஒரு மணி நேரம், ஒரு பாட்டில் ஓர் இருக்கைதான் பிள்ளைக்கு. மற்ற இடமெல்லாம் மூன்று கலைஞர்களுடையது. ட்ரம்பெட் பெண் ஊதினால் பாஸும் ட்ரம்ஸும் சாக்ஸும் பெரியவர்கள். உருமிப் பையன் ட்ரம்ஸில் உட்கார்ந்தால் அபாங் எழுந்து பக்கத்தில் நிற்பார்.

வித்தியாசம் என் காதுக்கே கேட்டது. கீழே பாஸ் அசையாமல் நடக்கும்போது பிள்ளை தடுமாறினாலும் தாளம் தடுமாறவில்லை; தான் எங்கே வழுக்கினோம் என்று அவளுக்கே கேட்கிறது. ட்ரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கி 1990இல் இறக்கும்வரை நடத்திய ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவைப் பள்ளிக்கூடம் என்றே சொல்வார்கள். லீ மோர்கன், வெய்ன் ஷார்ட்டர், விண்டன் மார்சாலிஸ் என்று அதில் இளம் வயதில் வாசித்து வெளியே வந்தவர்களின் வரிசை நீளம். அங்கே பாடம் என்று தனியாக ஒன்று கிடையாது. பின்னால் உட்கார்ந்து பிளேக்கி அடிக்கும்போது முன்னால் நிற்பவன் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். எங்கள் மண்டபத்தில் நடந்தது அதன் மிகச் சிறிய வடிவம்.

இதற்காகவாவது தொழில்முறைக் கலைஞர்கள் வந்தே ஆக வேண்டும். காணொளி பார்த்தோ பின்னணி இசைத் தடத்தோடு சேர்ந்து வாசித்தோ இது வராது. இசைத்தடம் பிள்ளை வாசிப்பதைக் கேட்டு மாறாது.

மற்ற நாட்கள்

இனிமேல் சொல்வதுதான் இந்தக் குறிப்பை எழுதக் காரணம். மாதத்தில் ஒரு திங்கள். மீதி நாட்களில் என்ன நடந்தது?

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு திங்களும் போன மாதம் விட்ட இடத்துக்குப் பின்னாலிருந்து தொடங்கியது. அப்போதுதான் ஓர் அக்கா வந்து சேர்ந்தார். பாலர் பள்ளி ஆசிரியை. கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிப்பவர், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வாசிப்பவர். ஜாஸ் அவருக்குத் தெரியாது, தெரியும் என்று சொல்லவும் இல்லை. வகுப்பைப் பார்க்க வந்தவரை அங்கிள் கீபோர்டில் உட்காரச் சொன்னார். அவர் சி மேஜரில் கையை வைத்துக்கொண்டு சுருதியைத் தானே மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தினார். அங்கிள் பொத்தானைத் தொடக் கூடாது என்றார்.

“சார், பத்து வருஷமா இந்தப் பொத்தான நம்பித்தான் நான் பொழைக்கிறேன்!”

மண்டபமே சிரித்தது. அடுத்த மாதம் பி ஃப்ளாட்டிலும் எஃபிலும் பொத்தான் இல்லாமல் வாசித்துக் காட்டினார். இரண்டு மாதத்தில் சனிக்கிழமை மாலைகளில் மண்டபத்தைத் திறக்கச் சொல்லி என்னிடம் சாவி வாங்க ஆரம்பித்தார். பிள்ளைகள் வந்தார்கள். அங்கிள் வாசித்ததைக் கைப்பேசியில் பதிந்து வைத்து, ஒரு வரியை நாற்பது தடவை ஓட்டி, அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொண்டார். தெரிந்தவர் கற்றுக்கொடுப்பதை மட்டுமே பார்த்திருந்த பிள்ளைகள், தெரியாத ஒரு பெரியவர் எப்படிக் கற்றுக்கொள்கிறார் என்பதை அங்கேதான் பார்த்தார்கள்.

அவர் செய்த ஒரு வேலை மூன்று கலைஞர்களாலும் முடியாதது. சோலோ (தனி வாசிப்பு) வாசிக்கும்போது பன்னிரண்டு பாரில் எங்கே இருக்கிறோம் என்பது பிள்ளைகளுக்கு மறந்துபோகும். நான்கு நான்கு பாராக மாறி மாறி வாசிக்கும் இடத்தில், நம் தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு போல, ஒருவர் கணக்கை விட்டால் எல்லாம் சரியும். “எண்ணாதே, பாட்டை மனசுல பாடு” என்பார் அங்கிள். மனசில் பாட இங்கிலீஷ் ப்ளூஸ் பாட்டு எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? ப்ளூஸில் வழக்கமாக ஒரு வரி, அதே வரி மறுபடி, பிறகு பதில் வரி என்று வரும், ஒவ்வொன்றுக்கும் நான்கு பார். அக்கா அந்த அளவுக்குத் தமிழில் கட்டினார்:

“பஸ்ஸு போயிருச்சே, அடுத்த பஸ்ஸு எப்ப வரும்?
பஸ்ஸு போயிருச்சே, அடுத்த பஸ்ஸு எப்ப வரும்?
கையில காசுமில்ல, நடந்தா காலுதான் வலிக்கும்.”

அன்றிலிருந்து யாரும் தொலைந்துபோகவில்லை. “காசுமில்ல” வந்தால் ஐந்தாவது கார்டு. மறு திங்கள் இதைக் கேட்ட பாஸ் அங்கிள் அர்த்தம் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஆண்டு இறுதியில் ஒரு சோதனை தானாகவே அமைந்தது. நவம்பர், டிசம்பரில் ஹோட்டல்களில் விருந்துகள் குவியும், கலைஞர்களுக்கு அறுவடைக் காலம். மூவரும் தொடர்ந்து இரண்டு மாதம் வரவில்லை. வகுப்பு கலைந்துவிடும் என்றே நினைத்தேன். சனிக்கிழமைகள் நிற்கவில்லை. ஜனவரியில் அவர்கள் வந்தபோது பிள்ளைகளுக்கு இன்னும் இரண்டு பாட்டு தெரிந்திருந்தது, ட்ரம்பெட் பெண் ஆல்டோ பையனுக்கு ஒரு சோலோவைச் சுரம் சுரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

ஆனால் ஒரு குறையும் சேர்ந்தே வந்தது. ஒவ்வொரு பாட்டும் தொடங்கிய வேகத்தைவிட அதிக வேகத்தில் முடிந்தது. அக்காவின் இடது கை கல்யாண மேடைப் பழக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முந்த, எல்லாரும் பின்னால் ஓடியிருக்கிறார்கள். உள்ளே இருந்த யாருக்கும் அது தெரியவில்லை. அபாங் உட்கார்ந்து நான்கு பார் அடித்தார், அதற்குள் அவர்களுக்கே புரிந்துவிட்டது. அறைக்குள் ஓடும் தவறைப் பிடிக்க வெளியிலிருந்து ஒரு காது வேண்டியிருக்கிறது. அந்தக் காது மாதம் ஒரு முறை வந்தால் போதும். வாராவாரம் அறையைத் திறந்து வைப்பவர் இல்லாவிட்டால் அந்தக் காதுக்குக் கேட்கவும் ஒன்றும் இருக்காது.

உலகத்தில் பெயர் பெற்ற இடங்களைப் பார்த்தாலும் இதே கதைதான். சிகாகோவின் டுசாபிள் உயர்நிலைப்பள்ளியிலிருந்து ஜீன் அம்மன்ஸ், ஜானி கிரிஃபின் போன்ற சாக்ஸபோன் கலைஞர்கள் வந்தார்கள் என்றால், அங்கே வால்டர் டயட் என்ற ஆசிரியர் சுமார் முப்பது ஆண்டு தினமும் இருந்தார். லண்டனில் பாஸ் கலைஞர் கேரி கிராஸ்பியும் ஜனீன் அயர்ன்ஸும் 1991இல் தொடங்கிய டுமாரோஸ் வாரியர்ஸ் என்ற ஜாஸ் பயிற்சி அமைப்பில் கட்டணம் இல்லை, காதால் கேட்டுக் கற்பதுதான் முறை, கற்றவர்கள் அடுத்து வருபவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். இன்றைய சாக்ஸபோன் கலைஞர்கள் ஷபாகா ஹட்சிங்ஸ், நுபையா கார்சியா அந்த வழியில் வந்தவர்கள். ஒருநாள் மாஸ்டர் கிளாஸ் நடத்தி, படம் எடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பும் வழக்கம் நம் நாட்டில் நிறைய இருக்கிறது. கலைஞர் ஊரை விட்டுப் போன மறுநாள் அங்கே மண்டபத்தை யார் திறக்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

சோறு கிடைக்குமா

ட்ரம்பெட் பெண்ணின் அப்பா ஒரு திங்களன்று மண்டப வாசலில் வந்து நின்றார். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். அடுத்த ஆண்டு. அங்கிளிடம் நேரடியாகவே கேட்டார்: “ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஊதுறதுல சோறு கெடைக்குமா?”

அங்கிள் மழுப்பவில்லை. கைப்பேசியில் தம் மாத அட்டவணையை எடுத்துக் காட்டினார். வாரத்தில் இரண்டு மூன்று இரவு ஹோட்டல், கல்யாண விருந்து, பகலில் தனி மாணவர்கள், எப்போதாவது ஒலிப்பதிவு. நோன்பு மாதத்தில் மேடை வேலை வற்றிவிடும். 2020 மார்ச்சில் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எல்லா மேடையும் ஒன்றாக மூடியது, அப்போது மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டியதையும் சொன்னார். “கெடைக்கும், ஆனா இப்படித்தான் கெடைக்கும்” என்றார். அந்த அப்பா கொஞ்ச நேரம் நின்றார். “சரி, பரீட்சை முடியிற வரைக்கும் சனிக்கிழமை மட்டும் வரட்டும்” என்று சொல்லிப் போனார். புகழ் பாடியிருந்தால் அவர் மகளை மொத்தமாகவே நிறுத்தியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பணம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மூவருக்கும் ரயில் செலவும், அவர்கள் ஓர் இரவு மேடையில் வாங்குவதில் பாதிக்கும் குறைவான ஒரு தொகையும் கொடுத்தோம். ஊரில் இரண்டு கடைக்காரர்களும் கோயில் நிர்வாகத்தில் ஒருவரும் தந்தது. இலவசமாக வருகிறேன் என்று அங்கிள் சொன்னபோது நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இலவசமாக வருபவர், காசு தரும் வேலை வந்தால் அதற்குத்தான் போவார், போகவும் வேண்டும். அக்காவுக்கு மட்டும் நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

பிள்ளைகள் என்ன ஆனார்கள்? உருமிப் பையன் பள்ளி முடித்ததும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். எல்லாரையும்விடத் திறமை இருந்தவன். கிடங்கு வேலை, இரவு ஷிப்ட், ட்ரம்ஸ் இல்லை. அபாங்குக்கு இது பெரிய வருத்தம், எனக்கு அவ்வளவு ஆச்சரியம் இல்லை. கிட்டார் பையன்களில் ஒருவன் அக்காவின் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்து கல்யாணங்களில் வாசிக்கிறான். எந்தப் பாடகர் எந்தச் சுருதி கேட்டாலும் பிடித்துவிடுகிறானாம். ஆல்டோ பையனிடம் இருந்தது பள்ளியின் கருவி. விடுமுறையில் அதை அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அவன் நின்றுவிட்டான். ட்ரம்பெட் பெண் சொந்தமாகப் பழைய ட்ரம்பெட் ஒன்று வாங்கியிருக்கிறாள். சனிக்கிழமைகளில் புதிதாக வந்த சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சுரம் கொடுத்து ஊதச் சொல்வது இப்போது அவள்தான்.

இந்த ஆண்டுக்கான ஏற்பாட்டை மாற்றியிருக்கிறோம். யோசனை அங்கிளுடையது. மூவரும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார்கள், மிச்சமாகும் பணம் அக்காவுக்கு மாதச் சம்பளமாகப் போகும். பாஸ் அங்கிளுக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டு மாதத்தில் தாளம் ரொம்ப ஓடிவிடும், திருப்பிப் பிடிப்பது கஷ்டம் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் இடையில் வரும் மாதத்தில் அக்கா ஒரு சனிக்கிழமை வகுப்பை முழுதாகப் பதிந்து அவருக்கு அனுப்ப வேண்டும், அவர் கேட்டுவிட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். அக்காவின் முதல் பதிவு போய்விட்டது. மண்டபத்துத் தகரக் கூரையில் மழை கொட்டியதில் பாதிக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லையாம். மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.